ஒரே ஒரு டைப்பிஸ்ட் இருக்கும் கோர்ட்: உயர் நீதிமன்ற நிர்வாகத்தாருக்கு ஒரு திறந்த மடல்

உயர் நீதிமன்றங்களின் நிர்வாகப் பிரிவுகளில் பணிபுரியும் பதிவாளர்களுக்கும், கணினிப் பிரிவு அலுவலர்களுக்கும், மாவட்ட நீதிமன்ற நிர்வாகத்தைக் கவனிக்கும் அனைவருக்கும் வணக்கம்.

நான் தாலுகா நீதிமன்றங்களிலேயே என் வேலைக்காலம் முழுவதையும் கழித்தவன். டைப்பிஸ்டாகச் சேர்ந்து தலைமை எழுத்தராக ஓய்வு பெற்றேன். எந்த ஊர், எந்த மாவட்டம் என்று எழுதப்போவதில்லை. யாரையும் காட்டிக்கொடுக்க இதை எழுதவில்லை. நான் பார்த்த மூன்று ஊரிலும் இதே கதைதான் நடந்தது. பக்கத்து மாநிலத்துக் கோர்ட் ஊழியர்களோடு பேசினாலும் பதவிப் பெயர்தான் மாறுகிறது, கதை மாறவில்லை. அதனால்தான் ஒரு கோர்ட்டுக்கு எழுதாமல் உங்கள் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் ஒரு நாள் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு பாகப்பிரிவினை வழக்கு. வாதி எழுபதைத் தாண்டிய பாட்டி. தன் தரப்பைச் சொல்லும் அவருடைய முதல் விசாரணை, எழுதிக் கையெழுத்திட்ட பிரமாண வாக்குமூலமாகத் தாக்கலாகிவிட்டது. சிவில் நடைமுறைச் சட்டத்தின் 2002 திருத்தத்துக்குப் பிறகு சிவில் வழக்குகளில் அப்படித்தான். மிச்சம் இருந்தது குறுக்கு விசாரணை. அதற்குச் சாட்சி கூண்டில் ஏற வேண்டும், எதிர்த்தரப்பு வக்கீல் கேட்க வேண்டும், பதிலை அங்கேயே பதிய வேண்டும். எங்கள் கோர்ட்டில் ஸ்டெனோ பணியிடம் ரொம்ப நாளாகக் காலி. இருந்த ஒரே டைப்பிஸ்ட் பெண் பிரசவ விடுப்பில் போயிருந்தார். நீதிபதியும் எங்களுடையவர் இல்லை. எங்கள் நீதிபதி மாறுதலாகிப் போனதால் பக்கத்துத் தாலுகா நீதிபதி பொறுப்பாக வாரத்தில் 2 நாள் வந்துகொண்டிருந்தார். வந்த நாளில் ரிமாண்டு, ஜாமீன், அவசர மனு எல்லாவற்றையும் முடித்துவிட்டுத் தன் ஊருக்குத் திரும்ப வேண்டும். கையால் எழுதிச் சாட்சியம் பதிய அவருக்கு நேரம் எங்கே?

பாட்டி 2 முறை வந்து திரும்பிப் போயிருந்தார். மூன்றாவது முறையும் வந்தார். காலை 10 மணிக்கே வராந்தாவில் உட்கார்ந்துவிட்டார். மத்தியானம் 3 மணி வாக்கில் என் மேஜைக்கு வந்து, "தம்பி, இன்னைக்காவது என்னைக் கேப்பாங்களா?" என்றார். டைப் அடிக்க ஆள் இல்லை பாட்டி என்று உள்ளதைச் சொன்னேன். அவர் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம், "இவ்வளவு பெரிய கோர்ட்டுல ஒரு ஆள் இல்லையா?" என்று கேட்டார்.

பெரிய கோர்ட் என்று அவர் சொன்னது ஓடு வேய்ந்த எங்கள் கட்டடத்தை இல்லை. அவருக்கு நீங்களும் நாங்களும் ஒன்று. தலைநகரத்தில் இருக்கும் உயர் நீதிமன்றத்திலிருந்து இந்த வராந்தா வரைக்கும் ஒரே கோர்ட்தான். யோசித்துப் பார்த்தால் அரசியல் சட்டமும் அதைத்தான் சொல்கிறது. 235-வது பிரிவு, மாவட்ட நீதிமன்றங்களையும் அவற்றுக்குக் கீழே உள்ள நீதிமன்றங்களையும் கட்டுப்படுத்தும் அதிகாரத்தை உயர் நீதிமன்றத்திடம் கொடுத்திருக்கிறது. கீழமை நீதிபதியின் பணியமர்த்தம், பதவி உயர்வு, விடுப்பு எல்லாம் அதில் அடக்கம். 227-வது பிரிவு இன்னும் கீழே இறங்கி வருகிறது: கீழமை நீதிமன்றங்களில் புத்தகங்களையும் பதிவுகளையும் கணக்குகளையும் எந்தப் படிவத்தில் வைக்க வேண்டும் என்று வகுப்பதும், விவர அறிக்கைகளைக் கேட்டு வாங்குவதும் உயர் நீதிமன்றத்தின் அதிகாரம். ஆக, என் மேஜையில் இருந்த பதிவேட்டின் கட்டம்கூட நீங்கள் போட்டுக் கொடுத்ததுதான். அப்படியிருக்கும்போது அந்த மேஜையில் உட்கார ஆள் இல்லை என்பதும் உங்கள் காரியம்தானே?

இதைக் கோபத்தில் கேட்கவில்லை. சின்னக் கோர்ட் எப்படி நடக்கிறது என்பது மேலே இருந்து பார்ப்பவர்களுக்குப் புரிவது கஷ்டம். பெரிய நகரத்து நீதிமன்ற வளாகத்தில் இருபது முப்பது கோர்ட் இருக்கும். ஒரு கோர்ட்டில் டைப்பிஸ்ட் வரவில்லை என்றால் பக்கத்துக் கோர்ட்டிலிருந்து அரை நாளைக்குக் கேட்டு வாங்கலாம். ஒரு பிரிண்டர் நின்றால் மாடியில் இன்னொன்று இருக்கும். பெஞ்ச் கிளார்க் விடுப்பு என்றால் அனுபவமுள்ள இன்னொருவர் வந்து வழக்குக் கட்டுகளைப் பிரித்துவிடுவார். அங்கே ஒரு ஆள் குறைந்தால் வேலை கொஞ்சம் மெதுவாகும், அவ்வளவுதான். தாலுகாவில் அப்படி இல்லை. அங்கே ஒவ்வொரு வேலைக்கும் ஒரே ஆள். சில இடங்களில் இரண்டு வேலைக்கு ஒரு ஆள். நகல் எழுத்தரும் பதிவறை எழுத்தரும் ஒருவராகவே இருந்த கோர்ட்டில் நான் வேலை செய்திருக்கிறேன். அவருக்குக் காய்ச்சல் வந்தால் நகல் கிடையாது. தீர்ப்பு நகல் வாங்க ஆன நாட்களை மேல்முறையீட்டுக் காலக்கெடுவில் கழித்துக்கொள்ள வரம்புச் சட்டத்தின் 12-வது பிரிவு இடம் கொடுக்கிறது, அதனால் கட்சிக்காரரின் உரிமை போய்விடாது. ஆனால் நகலுக்காக அவர் எத்தனை முறை பஸ் ஏறி வருகிறார் என்பதை எந்தப் பிரிவும் கழித்துக்கொள்வதில்லை.

அதனால் நான் சொல்ல வருவது இதுதான். சின்னக் கோர்ட்டுக்கு மேலிடத்து உதவி பெரிய கோர்ட்டை விட அதிகமாகத் தேவை. ஆனால் நடைமுறையில் உதவி எண்ணிக்கையைப் பார்த்துத்தான் வருகிறது. வழக்கு குறைவு என்றால் ஆளும் குறைவு, பணமும் குறைவு, கவனிப்பும் குறைவு. கணக்கு பார்த்தால் நியாயமாகத் தெரியும். ஆனால் கோர்ட் என்பது ஒரு ஆளைக் குறைத்தால் கொஞ்சம் குறைவாக ஓடும் வண்டி இல்லை. ஒரு சக்கரத்தைக் கழற்றினால் நின்றுவிடும்.

விவர அறிக்கை விஷயத்தைப் பாருங்கள். மாத ஸ்டேட்மெண்ட், காலாண்டு ஸ்டேட்மெண்ட், பழைய வழக்குகளின் பட்டியல், விசாரணைக் கைதிகள் விவரம், வழக்குச் சொத்து விவரம், காலிப் பணியிட விவரம் என்று எங்களுக்கு வரும் கேள்விகள் பெரிய வளாகத்துக்கு வரும் அதே கேள்விகள். அங்கே அதற்கென்றே ஒரு பிரிவு இருக்கும். எங்கள் கோர்ட்டில் தலைமை எழுத்தர் கோர்ட் நடக்கும்போது ஒரு கையால் கட்டு பார்த்துக்கொண்டு இன்னொரு கையால் ஸ்டேட்மெண்ட் போடுவார். கோர்ட் சின்னது என்பதால் ஸ்டேட்மெண்ட் சின்னதாகிவிடாது. 40 வழக்கு இருந்தாலும் 4,000 வழக்கு இருந்தாலும் கட்டங்களின் எண்ணிக்கை ஒன்றுதான். அதே எண்ணை மாவட்ட நீதிமன்றம் ஒரு படிவத்தில் கேட்கும், சட்டப் பணிகள் குழு இன்னொரு படிவத்தில் கேட்கும், அடுத்த வாரம் "மிக அவசரம், இன்று மாலைக்குள்" என்று மூன்றாவது படிவம் மின்னஞ்சலில் வரும். இந்த எண்களில் பாதிக்கு மேல் ஏற்கெனவே கணினியில் இருக்கிறது.

கணினி என்றதும் நன்றியோடு ஒன்றைச் சொல்ல வேண்டும். கோர்ட்டுகளைக் கணினிமயமாக்கும் இ-கோர்ட்ஸ் திட்டம் 2007-ல் தொடங்கியது, 2015-ல் இரண்டாம் கட்டம் வந்தது, 2023 செப்டம்பரில் மூன்றாம் கட்டத்துக்கு 7,210 கோடி ரூபாய்க்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. இதனால் எங்களைப் போன்ற கோர்ட்டுகளுக்குக் கிடைத்தது கொஞ்சநஞ்சம் இல்லை. முன்பெல்லாம் வாய்தா தேதி தெரிந்துகொள்ள மட்டுமே ஜனங்கள் கோர்ட்டுக்கு வருவார்கள். டவாலியிடம் கேட்பார்கள், அவர் என்னிடம் கேட்பார், நான் டைரியைப் புரட்டுவேன். இன்றைக்கு வழக்குக்கு உரிய 16 இலக்க சி.என்.ஆர். எண்ணைப் போனில் தட்டினால் அடுத்த தேதி வந்துவிடுகிறது. ஒரு சின்னக் கோர்ட் தன் சக்திக்கு இதைச் செய்திருக்கவே முடியாது. புனேயில் இருக்கும் தேசியத் தகவல் மையத்துக்காரர்கள் மென்பொருளை எழுதி, நாடு முழுக்க ஒரே மாதிரி நிறுவியதால்தான் முடிந்தது. மேலிடத்து உதவி ஒழுங்காக வந்தால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

ஆனால் பெட்டி வந்து இறங்கியதோடு உதவி முடிந்துவிட்டதாக நினைத்தால் அங்கேதான் சிக்கல். ஒரு தடவை சாலை அகலப்படுத்தத் தோண்டியபோது எங்கள் கேபிள் அறுந்துவிட்டது. 9 நாள் இணைப்பு இல்லை. எங்கே புகார் செய்வது என்றே முதல் நாள் முழுக்கத் தெரியவில்லை. தொலைபேசி நிறுவனத்தைக் கேட்டால் மாவட்ட நீதிமன்றம் வழியாக வரச் சொன்னார்கள். அங்கே கேட்டால் கணினிப் பிரிவுக்குக் கடிதம் போடுங்கள் என்றார்கள். கடிதம் போட்டோம். அந்த 9 நாளும் சாயங்காலம் ஒரு எழுத்தர் தன் பைக்கில் 26 கிலோமீட்டர் தள்ளி இருந்த அடுத்த கோர்ட்டுக்குப் போய், அவர்கள் வேலையை முடிக்கும் வரை காத்திருந்து, எங்கள் கோர்ட்டின் அன்றைய நடவடிக்கையை ஏற்றிவிட்டு இரவு வீட்டுக்குப் போனார். பெட்ரோல் காசை யாரும் கொடுக்கவில்லை. அவரும் கேட்கவில்லை. மேலே இருந்து பார்த்தவர்களுக்கு எங்கள் கோர்ட்டின் பதிவேற்றம் ஒரு நாளும் தவறாததாகத்தான் தெரிந்திருக்கும்.

இதை நன்றாகக் கவனியுங்கள். எங்கள் குறை உங்களுக்குத் தெரியாமல் போவதற்கு எங்கள் உழைப்பே ஒரு காரணம்.

அந்தச் சமயத்திலேயே ஒரு ஜாமீன் உத்தரவு விஷயமும் வந்தது. ஜாமீன் கிடைத்தும் சிறையிலிருந்து வெளியே வர முடியாமல் கிடப்பவர்கள் பற்றி உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரி 31 அன்று தெளிவாகவே சொல்லியிருக்கிறது: ஜாமீன் கொடுக்கும் நீதிமன்றம், உத்தரவின் மின்நகலை அதே நாளிலோ மறுநாளோ சிறைக் கண்காணிப்பாளர் வழியாகக் கைதிக்கு மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். அருமையான உத்தரவு. சின்னக் கோர்ட்டில் அதை டைப் அடிப்பவரும், கையெழுத்து வாங்குபவரும், ஸ்கேன் செய்பவரும், அனுப்புபவரும் ஒரே ஆள். லைன் இல்லாத நாளில் அவர் என்ன செய்வார்? நாங்கள் என்ன செய்தோம் என்றால், அலுவலக உதவியாளர் கையில் தபாலைக் கொடுத்து பஸ்ஸில் அனுப்பினோம். அந்த இளைஞர் அன்று ராத்திரியும் உள்ளேதான் படுத்தார். ஒரு ராத்திரிதானே என்று சொல்லலாம். உள்ளே இருப்பவருக்கும் வெளியே கேட்டில் நிற்கும் அவருடைய அம்மாவுக்கும் அது ஒரு ராத்திரி இல்லை.

புதிய குற்றவியல் சட்டங்கள் 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டன. போலீஸ் தேடுதல் நடத்தினால், பொருளைப் பறிமுதல் செய்தால், அதை ஒலி-ஒளிப் பதிவு செய்து தாமதமில்லாமல் நடுவருக்கு (மாஜிஸ்திரேட்டுக்கு) அனுப்ப வேண்டும் என்று, அவற்றில் குற்றவியல் நடைமுறைக்கான சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-ன் 105-வது பிரிவு சொல்கிறது. சம்மனை மின்னணு வழியில் அனுப்பலாம், விசாரணையையே மின்னணு முறையில் நடத்தலாம். நல்லதுதான், எதிர்க்கவில்லை. ஆனால் எங்கள் வழக்குச் சொத்து அறையை ஒரு முறை வந்து பாருங்கள். துருப்பிடித்த சைக்கிள், அரிவாள், சாக்கு மூட்டை, கேன். மழைக்காலத்தில் ஒரு மூலையில் ஒழுகும். அந்த அலமாரியில் இப்போது மெமரி கார்டும் பென் டிரைவும் வந்து உட்காருகின்றன. 5 வருடம் கழித்து விசாரணைக்கு எடுக்கும்போது அது திறக்குமா? யார் அதைப் பிரதி எடுத்து வைப்பது, எங்கே வைப்பது, எந்தப் பதிவேட்டில் எழுதுவது? சட்டம் டில்லியில் நிறைவேறியது, விதி உயர் நீதிமன்றத்தில் எழுதப்படும். அந்தக் கார்டை வாங்கிக் கையெழுத்துப் போடுவது சொத்து எழுத்தர். அவருக்கு நேரில் வந்து சொல்லிக்கொடுக்க ஒரு ஆளை அனுப்புங்கள். காணொலியில் 300 பேரோடு சேர்த்து ஒரு மணி நேரம் நடத்தும் பயிற்சியில் அவர் கேள்வி கேட்கவே மாட்டார். இடையில் லைன் அறுந்திருக்கும், அல்லது கோர்ட் கூப்பிட்டிருக்கும்.

பணம் பற்றியும் சொல்லத்தான் வேண்டும், சுருக்கமாகச் சொல்கிறேன். சின்னச் செலவுக்கு நிரந்தர முன்பணம் என்று ஒன்று இருக்கிறது. பல கோர்ட்டுகளில் அந்தத் தொகை எந்தக் காலத்தில் நிர்ணயித்தது என்று தெரியாத அளவுக்குச் சின்னது. டோனர் தீர்ந்தால் அதில் வாங்க முடியாது. இண்டெண்ட் என்னும் தேவைப் பட்டியல் போட்டு, மாவட்டத்துக்கு அனுப்பி, வருவதற்குள் மாதம் ஆகிவிடும். அதுவரை வக்கீல்கள் தங்கள் ஆபீஸில் பிரிண்ட் எடுத்துக் கொடுப்பார்கள். வழக்கு நடத்தும் வக்கீலிடம் கோர்ட் காகிதம் கேட்டு நிற்பது எவ்வளவு தப்பு என்று எங்களுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தே கேட்டிருக்கிறோம்.

அப்புறம் நீதிபதிகள். தாலுகாவுக்கு வருபவர்களில் நிறையப் பேருக்கு அதுதான் முதல் பணியிடம். இருபத்தாறு, இருபத்தேழு வயது இருக்கும். சட்டத்தில் கெட்டிக்காரர்கள், மனசும் நல்ல மனசு. சேர்ந்த முதல் வாரத்திலேயே அவர்கள் ஒரு அலுவலகத்தின் தலைவராகிவிடுகிறார்கள். சம்பளப் பட்டியல், பயணப்படி, தணிக்கை ஆட்சேபணை, கட்டடத்தில் விரிசல், பணியாளர் சண்டை எல்லாம் அவர்கள் மேஜைக்கு வரும். ஒரு பெண் நீதிபதி, பட்டியலில் கையெழுத்துப் போடும் முன் என்னைப் பார்த்து, "சார், இதில் தப்பு இருந்தால் என் சம்பளத்தில் பிடிப்பார்களா?" என்று கேட்டார். நான் சிரிக்கவில்லை. அது நியாயமான பயம். ராத்திரி 8 மணி வரை அவர் கணக்கு விதி படித்துக்கொண்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். அந்த நேரத்தில் எழுத வேண்டிய தீர்ப்பு வீட்டுக்குப் போயிற்று. நீதிபதி தீர்ப்பு எழுதத்தானே வந்தார்? ஒரு தாலுகா நீதிமன்றத்தின் சம்பளப் பட்டியலையும் கணக்கையும் மாவட்டத் தலைநகரில் ஒரு பொதுப் பிரிவே மொத்தமாகப் பார்த்துக்கொண்டால் என்ன குறைந்துவிடும்? அந்தப் பாரத்தை மேலே எடுத்துக்கொள்வதும் உதவிதான். கீழே ஆள் அனுப்புவது மட்டும் உதவி இல்லை.

நீதிபதியே இல்லாத மாதங்கள் இன்னும் மோசம். கைது செய்யப்பட்டவரை 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 22-வது பிரிவு சொல்கிறது. பயண நேரம் அதில் சேராது. எங்கள் நடுவர் பணியிடம் காலியாக இருந்தபோது போலீஸார் கைதியைக் கூட்டிக்கொண்டு அடுத்த தாலுகாவுக்குப் போவார்கள், அங்கே அவர் விடுப்பு என்றால் அதற்கும் அடுத்த ஊருக்கு. சட்டம் மீறப்படவில்லை. ஆனால் கைதியின் வீட்டார் எந்த ஊருக்கு வருவது என்று தெரியாமல் எங்கள் வாசலில் நின்றுகொண்டிருப்பார்கள். மாறுதல் உத்தரவு போடும்போது ஒரு சின்னக் கோர்ட்டைக் காலியாக விட்டுப் பொறுப்பு என்று எழுதுவது காகிதத்தில் ஒரு வரிதான். அந்த வரி 3 மாதம் நீண்டால் என்ன ஆகும் என்பதைத்தான் பாட்டி கதையில் சொன்னேன்.

கிராம நியாயாலயம் என்ற முயற்சியை நினைத்தால் எனக்கு வருத்தம் இன்னும் தீரவில்லை. சட்ட ஆணையம் 1986-லேயே தன் 114-வது அறிக்கையில் பரிந்துரைத்தது. 2008-ல் சட்டம் வந்தது, 2009 அக்டோபர் 2 முதல் நடைமுறைக்கு வந்தது. நீதிபதி ஊர் ஊராகப் போய் விசாரிப்பார், சின்ன வழக்கு அங்கேயே முடியும் என்பதுதான் எண்ணம். எவ்வளவு நல்ல எண்ணம்! ஆனால் மத்திய அரசு ஒரு நியாயாலயத்துக்கு ஒருமுறைச் செலவாக 18 லட்சம் ரூபாயும், தொடர் செலவுக்கு வருடத்துக்கு 3.20 லட்சம் வரையும், அதுவும் முதல் 3 வருடத்துக்கு மட்டும் என்று திட்டம் போட்டது. நாலாவது வருடம் எழுத்தருக்குச் சம்பளம் யார் கொடுப்பது? ஜீப்புக்கு டீசல் யார் போடுவது? பல மாநிலங்கள் தொடங்கவே தயங்கின. தொடங்கிய சில இடங்களிலும் அவை செயல்படாமல் போயின. இதற்கு வேறு காரணங்களும் இருந்தன, வக்கீல்களும் போலீஸாரும் வழக்கமான கோர்ட்டையே நாடியது ஒரு காரணம். ஆனாலும் மேலிருந்து வரும் கை 3 வருடத்தில் விலகும் என்று தெரிந்த பிறகு யார் நம்பி இறங்குவார்கள்?

நல்ல அனுபவம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நன்றி கெட்டவனாகிவிடுவேன். என் கடைசி ஐந்தாறு வருடத்தில் மாவட்டத்தில் ஒரு சிஸ்டம் ஆபீசர் இருந்தார். தன் செல்போன் எண்ணை ஒவ்வொரு கோர்ட்டின் சுவரிலும் ஒட்டச் சொன்னார். "சின்னச் சந்தேகம் என்று நினைத்து வைத்துக்கொள்ளாதீர்கள், கூப்பிடுங்கள்" என்பார். கூப்பிட்டால் எடுப்பார். எடுக்க முடியாவிட்டால் ராத்திரிக்குள் திரும்பக் கூப்பிடுவார். பிரச்சினையைத் தன்னால் தீர்க்க முடியாது என்றால், யாரிடம் சொன்னேன், எப்போது வருவார் என்பதைச் சொல்லிவிடுவார். அவர் எங்களுக்குப் புதுக் கம்ப்யூட்டர் எதையும் கொண்டுவரவில்லை. ஆனால் அவர் இருந்த காலத்தில் எங்கள் கோர்ட்டில் கணினிக் கோளாறால் ஒரு மனுகூடத் தள்ளிப் போகவில்லை. ஒரே ஒரு பெயர், ஒரே ஒரு எண், பொறுப்பேற்கும் ஒரு ஆள். அவர் மாறுதலாகிப் போனதும் அந்தக் காகிதம் மட்டும் சுவரில் இருந்தது. அடுத்து வந்தவர் நல்லவர்தான், ஆனால் புகாரை இணையப் படிவத்தில் போடச் சொன்னார். இணையம் இல்லை என்று புகார் செய்ய இணையப் படிவம்.

அவர் செய்தது அவருடைய நல்ல குணத்தால் நடந்தது. அதை ஒரு ஏற்பாடாக நீங்கள் செய்து கொடுங்கள் என்பது என் வேண்டுகோள். ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒற்றைக் கோர்ட் ஊர்களுக்கென்றே ஒரு பொறுப்பாளர் இருக்கட்டும். அவர் கையில் இரண்டு மூன்று டைப்பிஸ்ட்களும், ஒரு பெஞ்ச் கிளார்க்கும் மாற்று ஆட்களாக இருக்கட்டும். எந்த ஊரில் ஆள் இல்லையோ அங்கே மறுநாள் காலை போய் உட்காரும் ஆட்கள். அவர்களுக்குப் பயணப்படியும் தங்க இடமும் கொடுங்கள், இல்லாவிட்டால் அதைத் தண்டனையாகத்தான் பார்ப்பார்கள். தற்காலிகப் பணி என்று ஒரு கோர்ட்டின் ஆளைப் பிடுங்கி இன்னொரு கோர்ட்டுக்கு அனுப்பும் பழைய வழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள். அப்படிப் பிடுங்கப்படும் ஆள் எப்போதும் சின்னக் கோர்ட்டின் ஆளாகவே இருக்கிறார்.

பெரும்பாலும் நீங்கள் கேட்பது எத்தனை வழக்கு முடிந்தது என்றுதான். இன்னொன்றையும் கேளுங்கள்: எத்தனை நாள் எங்களால் கோர்ட் நடத்த முடியாமல் போயிற்று, எதனால்? இதை ஏன் சொல்கிறேன் என்றால், இதில் எங்கள் தப்பும் இருக்கிறது.

பாட்டி மூன்றாவது முறை திரும்பிப் போன நாளின் டைரியை எழுதியது நான்தான். "சாட்சி ஆஜர். அவகாசமின்மையால் ஒத்திவைப்பு" என்று எழுதினேன். எல்லோரும் அப்படித்தான் எழுதுவார்கள். என் சீனியர் எனக்கு அப்படித்தான் கற்றுக்கொடுத்தார். டைப்பிஸ்ட் இல்லை என்று எழுதினால் ஆய்வுக்கு வருபவர் கேள்வி கேட்பார், ஏன் மாற்று ஏற்பாடு செய்யவில்லை என்று நீதிபதிக்கு மெமோ வரும் என்ற பயம். ஆகவே ஆள் இல்லாததும், லைன் இல்லாததும், டோனர் இல்லாததும் உங்கள் பதிவுகளில் நேரமின்மையாகவே பதிவாகியிருக்கின்றன. தேசிய நீதித்துறைத் தரவுத் தொகுப்பு 2015-லிருந்து பொதுமக்கள் பார்வைக்கு இருக்கிறது. அதில் ஒவ்வொரு கோர்ட்டின் நிலுவையையும் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆனால் அந்தப் பாட்டிக்கு என்ன நடந்தது என்பது அதில் தெரியாது. தெரியாதபடி எழுதியவர்களில் நானும் ஒருவன்.

227-வது பிரிவின்படி படிவம் வகுப்பது உங்கள் கையில் இருக்கிறது. ஒத்திவைப்புக்கான காரணத்தில் நிர்வாகக் காரணம் என்று ஒரு கட்டம் சேர்த்துக் கொடுங்கள். பணியாளர் இல்லை, இணைப்பு இல்லை, மின்சாரம் இல்லை, நீதிபதி பணியிடம் காலி என்று அதில் உள்ளபடி குறிக்க எங்களுக்கு இடம் கொடுங்கள். அதைக் குறித்ததற்காக எந்த எழுத்தருக்கும் நீதிபதிக்கும் மெமோ வராது என்று சுற்றறிக்கையில் எழுதிக் கொடுங்கள். அந்தச் சுற்றறிக்கை தமிழ்நாட்டுத் தாலுகாவுக்கு வருவதானால் தமிழில் வரட்டும். மற்ற மாநிலங்களில் அந்தந்த மொழியில் வரட்டும். மாதக் கடைசியில் அந்தக் கட்டத்தைக் கூட்டிப் பாருங்கள். எந்த ஊருக்கு யாரை அனுப்ப வேண்டும் என்பதை அதுவே காட்டும்.

பாட்டியைக் கடைசியில் நாலாவது முறை விசாரித்தார்கள். பக்கத்துக் கோர்ட்டிலிருந்து டைப்பிஸ்ட் ஒருவர் தன் நீதிபதியின் அனுமதியோடு ஒரு மத்தியானம் வந்து அடித்துக் கொடுத்தார். குறுக்கு விசாரணை மொத்தம் 35 நிமிடம். கூண்டிலிருந்து இறங்கி வந்தவர் என் மேஜை அருகில் நின்று, "முடிஞ்சுதா தம்பி? இனிமே வர வேண்டாமா?" என்று கேட்டார்.

அன்றைக்கு டைரியில் எழுத எனக்குச் சிரமம் இல்லை. அதற்கு முந்தைய 3 தேதிகளை மட்டும் திரும்ப எழுத முடியும் என்றால் இப்படி எழுதுவேன்: "சாட்சி ஆஜர். தட்டச்சர் இல்லை. ஒத்திவைப்பு."

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாலுகா நீதிமன்றத் தலைமை எழுத்தர் ஒருவர்